அடுத்தடுத்த பயணங்களும் கொரோனா பரிசோதனையும்: ஒரு முடிவு எத்தனை நாள் செல்லும்?

சொகுசுக் கப்பல்களில் சமையற்கூடத்திலோ, அறைப் பராமரிப்பிலோ, இயந்திரப் பிரிவிலோ பணியாற்றும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும் வேளையில், வீட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற தந்தையோ, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருக்கும் தாயோ இருப்பாராயின், எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் எழுகிறது. "கப்பலிலிருந்து இறங்குமுன் பரிசோதனை செய்தார்கள், டாக்டர். கொரோனா இல்லை என்று வந்துவிட்டது. இனி அப்பா பக்கத்தில் இருக்கலாம் அல்லவா?" அண்மைக் காலமாக வேறொரு வகையினரும் கேட்கின்றனர். பணி ஓய்வு பெற்ற தம்பதியர், சென்னையிலிருந்து கப்பல் சுற்றுலா சென்று, திரும்பிய கையோடு உறவினர் திருமணத்திற்கும், அங்கிருந்து காசிக்கும் செல்லவிருப்பவர்கள். "முன்பு எடுத்த சோதனையே போதுமா, ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனியாக எடுக்க வேண்டுமா?" என்பது அவர்களது ஐயம்.

இரண்டும் ஒரே கேள்வியே. ஒரு பரிசோதனை முடிவு எந்த நாளைப் பற்றிப் பேசுகிறது, எந்த நாளைப் பற்றிப் பேசவில்லை என்பது தெளிந்தால் விடை தானே கிடைக்கும். இதனைக் கப்பல்களைக் கொண்டே விளக்க விரும்புகிறோம். ஏனெனில் இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றதே கப்பல்களில்தான்.

ஒரு கப்பல், இரு பயணங்கள்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று 'கிராண்ட் பிரின்சஸ்' என்னும் பயணக் கப்பல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து மெக்சிகோவிற்குப் புறப்பட்டு, பிப்ரவரி 21 அன்று திரும்பியது. அதே நாளில் புதிய பயணிகளை ஏற்றிக்கொண்டு ஹவாய்த் தீவுகளை நோக்கி இரண்டாம் பயணத்தைத் தொடங்கியது. முதற்பயணத்தில் வந்தோர் பெரும்பாலும் இறங்கிவிட்டனர். ஆனால் 68 பயணிகள் இறங்காமல் இரண்டாம் பயணத்தையும் தொடர்ந்தனர். பணியாளர்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரும் அதே கப்பலில் நீடித்தனர்.

முதற்பயணத்தில் சென்று வீடு திரும்பிய முதியவர் ஒருவர் கொரோனாவால் இறந்த செய்தி மார்ச் 4 அன்று வெளிவந்தது. அப்போது கப்பல் இரண்டாம் பயணத்தில் நடுக்கடலில் இருந்தது. மறுநாள் ஹெலிகாப்டரில் பரிசோதனைக் கருவிகளை அனுப்பி, நோய்க்குறி காட்டிய 45 பேரிடம் மாதிரி எடுத்தனர். 21 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அந்த 21 பேரில் பயணிகள் இருவர்தாம், மற்ற 19 பேரும் பணியாளர்கள்.

இந்த எண்ணிக்கையில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பயணிகள் மாறுகிறார்கள், பணியாளர்கள் மாறுவதில்லை. முதற்பயணத்தின் நோய் இரண்டாம் பயணத்திற்குக் கடந்துவர ஒரு பாலம் தேவை. இறங்காமல் தங்கிய பயணியும் பணியாளருமே அந்தப் பாலமாக அமையக்கூடியவர்கள். பிற்காலத்தில் கப்பல் பயணங்கள் மீண்டும் தொடங்கியபோது, தொடர்ந்து இரண்டாம் பயணத்தையும் மேற்கொள்வோர் கப்பலைவிட்டு இறங்காவிடினும், பயணிகள் மாறும் நாளில் மீண்டும் ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பல கப்பல் நிறுவனங்கள் விதித்தமைக்குக் காரணம் இதுவே. "நான்தான் கப்பலிலேயே இருக்கிறேனே, வெளியே எங்கும் போகவில்லையே" என்று பலர் முகஞ்சுளித்தனர். கப்பலிலேயே இருந்ததுதான் காரணம் என்பதை அவர்களுக்கு யாரும் நிதானமாக எடுத்துச் சொல்லவில்லை போலும்.

அதே பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலின் கதை நம்மவர்க்கு நன்கு தெரிந்ததே. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. இந்தியர்கள் 138 பேர், அவர்களுள் 132 பேர் பணியாளர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தோரும் இருந்தனர். பிப்ரவரி 27 அன்று 119 இந்தியர்கள் தனி விமானத்தில் தில்லிக்கு அழைத்து வரப்பட்டு, மானேசரில் 14 நாள்கள் தனிமையில் வைக்கப்பட்டனர். மருத்துவர்களாகிய எங்களுக்கு அக்கப்பல் தந்த முதன்மையான செய்தி வேறு: தொற்று உறுதியானோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பரிசோதனையின்போது எவ்வித நோய்க்குறியும் இல்லை. காய்ச்சல்மானியை நெற்றியில் காட்டி ஆளை உள்ளே விடும் முறை இந்நோய்க்குப் போதாது என்பது அன்றே புலனாயிற்று.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2022 புத்தாண்டையொட்டி மும்பையிலிருந்து கோவா சென்ற 'கார்டிலியா' கப்பலில் பணியாளர் ஒருவருக்குத் தொற்று காணப்பட, பின்னர் மேற்கொண்ட பரிசோதனையில் 66 பேருக்கு உறுதியாகி, கப்பல் மும்பைக்கே திரும்பியது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று சென்னையிலிருந்தும் அந்நிறுவனத்தின் கப்பல் சுற்றுலா தொடங்கிவைக்கப்பட்டது. நம் ஊர்க்காரர்களுக்குக் கப்பல் சுற்றுலா எட்டும் தொலைவில் வந்தது அப்போதுதான்.

பரிசோதனை எதைச் சொல்கிறது?

கொரோனாத் தீநுண்மி மூக்கிலும் தொண்டையிலும் புகுந்த உடனே பரிசோதனையில் தென்படுவதில்லை. அது பெருகக் காலம் வேண்டும். 2020-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்தைய ஏழு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். தொற்று ஏற்பட்ட முதல் நாளில் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை எவரையும் கண்டறிவதில்லை. நான்காம் நாளில்கூட, தொற்றுள்ள 100 பேரில் 67 பேருக்கு 'இல்லை' என்றே முடிவு வரக்கூடும். நோய்க்குறி தோன்றும் நாளில் அது 38 ஆகக் குறைகிறது. அதற்கு மூன்று நாள் கழித்து 20 ஆகிறது. அதற்குமேல் மீண்டும் ஏறத் தொடங்குகிறது.

இக்கணக்கு முதலில் பரவிய வகைக்குரியது. பின்னர் வந்த ஓமிக்ரான் வகைகளில் தொற்றுக்கும் நோய்க்குறிக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக மூன்று நாள் அளவிற்குச் சுருங்கிவிட்டது. நாள்கள் மாறினாலும் வளைகோட்டின் வடிவம் மாறவில்லை. தொடக்கத்தில் ஒரு குருட்டு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் எடுக்கப்படும் 'இல்லை' என்னும் முடிவு உண்மையில் 'இன்னும் தெரியவில்லை' என்பதே ஆகும்.

இப்போது கப்பலுக்குத் திரும்புவோம். ஏழு நாள் பயணம் ஒன்று சனிக்கிழமை முடிகிறது. அன்று காலை பரிசோதனை. 'இல்லை' என்று முடிவு. அம்முடிவு ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் தொற்றியிருக்கக்கூடிய நோயைப் பற்றி ஓரளவு உறுதி கூறும். வெள்ளி இரவு விருந்தில் அருகமர்ந்து உண்டவரிடமிருந்து தொற்றியிருப்பின், அதைப் பற்றி ஒன்றும் கூறாது. அதே மனிதர் இரண்டாம் பயணத்தைத் தொடர்ந்தால், சனிக்கிழமை முடிவு அவரோடு வரும் புதிய பயணிகளுக்கு ஓரளவு காப்பு. அவருக்கே அது அடுத்த வாரத்திற்கான காப்பு அன்று. பலர் நெடுங்காலம் மயங்கியது இங்கேதான்: பரிசோதனை தடுப்பூசி போன்றது என்று எண்ணிவிடுகிறோம். நேற்றைய இரத்தச் சர்க்கரை அளவைக் காட்டி இன்றைக்குப் பால்கோவா உண்பதற்கு ஒப்பானது அது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் இதற்குமேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நாள் எண்ணுவதிலும் ஒரு பொதுவான பிழை உண்டு. தொடர்பு ஏற்பட்ட முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும். அடுத்தடுத்துப் பயணிப்பவருக்குக் 'கடைசி நாள்' என்பதே ஒவ்வொரு நாளும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கும். ஊர் வந்து சேர்ந்து வீட்டுக்குள் நுழையும் வரை அவரது கணக்கு தொடங்குவதேயில்லை. விமான நிலையத்தின் நெரிசலும், மதுரையிலிருந்து இராஜபாளையம் வரை நான்கு பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்து வந்த காரும் இக்கணக்கில் சேரும்.

இந்திய அரசு 2021 டிசம்பர் 1 முதல் ஓமிக்ரான் அபாயம் மிக்க நாடுகளிலிருந்து வந்தோருக்கு விதித்த முறையில் இதே எண்ணம் அடங்கியிருந்தது. வந்திறங்கியதும் ஒரு பரிசோதனை, அதில் 'இல்லை' என்று வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மீண்டும் ஒரு பரிசோதனை. "விமான நிலையத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்களே, பிறகு எதற்கு ஏழு நாள்?" என்று அன்று பலரும் கேட்டனர். அந்த ஏழு நாள் குருட்டு இடைவெளிக்காகவே வைக்கப்பட்டது.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டு, காலரா, பெரியம்மை முதலிய நோய்கள் உண்டா என்று கண்காணிக்கப்பட்டனர். அக்காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கும் சோதனை இல்லை. காத்திருத்தலே சோதனை. முகாமில் அவர்கள் நடத்தப்பட்ட விதம் வேறு கதை, அது வேதனைக்குரியது. ஆயினும் நோய் வெளிப்படக் காலம் கொடுக்க வேண்டும் என்னும் மருத்துவ அறிவு அதில் இருந்தது. 2020 ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு 'ஐ.என்.எஸ். ஜலஷ்வா' என்னும் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தபோதும், வந்தோரைத் தனிமைப்படுத்திக் கண்காணித்த பின்னரே இயல்பாக நடமாட விட்டனர்.

இரு வகைச் சோதனைகள்

ஆர்டி-பிசிஆர், தீநுண்மியின் மரபுப் பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் காண்பது. மிக நுட்பமானது. அந்நுட்பமே சில வேளைகளில் தொல்லையாகிறது. குணமடைந்தவரின் மூக்கில் உயிரற்றுக் கிடக்கும் துணுக்குகளையும் அது காட்டும். சிலருக்கு வாரக்கணக்கில், அரிதாக மூன்று மாதம் வரையிலும் 'உண்டு' என்றே வரும். முதற்பயணத்திற்கு முன்பே நோயுற்று முழுமையாகத் தேறிய ஒருவர், இரண்டாம் பயணத்திற்கான சோதனையில் 'உண்டு' என்று வந்ததால் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட நேரிடும். எனவேதான் கடந்த 90 நாள்களுக்குள் நோயுற்றுத் தேறியமைக்குச் சான்று உடையோர்க்கு மறுபரிசோதனையிலிருந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விலக்கு அளித்திருந்தது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2021 மே 4 அன்று வெளியிட்ட அறிவுரையில், ஒருமுறை தொற்று உறுதியானவருக்கு ஆர்டி-பிசிஆர் பரிசோதனையைத் திரும்பச் செய்யக் கூடாது என்றும், தேறியவரை மருத்துவமனையிலிருந்து அனுப்ப மீண்டும் பரிசோதனை தேவையில்லை என்றும் தெளிவாகக் கூறியது. அப்படியிருந்தும் 'இல்லை' என்று வரும்வரை வாரந்தோறும் பணம் செலவழித்துச் சோதித்துக்கொண்டவர்களை நாங்கள் நிறையவே கண்டிருக்கிறோம்.

ஆன்டிஜென் சோதனை, தீநுண்மியின் புரதத்தைக் காண்பது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் வீட்டுச் சோதனைப் பெட்டி இவ்வகையே. தீநுண்மி மிகுந்திருக்கும் நாள்களில், அதாவது பிறருக்குப் பரப்பும் ஆற்றல் மிகுந்த நாள்களில், இது பெரும்பாலும் காட்டிவிடும். தொடக்கத்திலும் இறுதியிலும் தவறவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கப்பலில் 1,000 பேர் ஏறுகின்றனர். அவர்களுள் 10 பேருக்கு உண்மையில் தொற்று உண்டு. நாம் பயன்படுத்தும் ஆன்டிஜென் சோதனை தொற்றுள்ள 100 பேரில் 60 பேரைக் கண்டறியும், தொற்றில்லாத 100 பேரில் ஒருவரைத் தவறாகச் சுட்டும் என்று கொள்வோம். பத்தில் ஆறு பேர் பிடிபடுவர். நால்வர் கப்பலேறிவிடுவர். தொற்றில்லாத 990 பேரில் ஏறத்தாழப் பத்துப் பேர் வீணாகத் தடுக்கப்படுவர். மொத்தம் 16 'உண்டு' முடிவுகளில் ஆறு மட்டுமே மெய். ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவெடுப்பது எத்தகைய சூதாட்டம் என்பதை இக்கணக்கு காட்டும். அதனாலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில், தொடர்பு ஏற்பட்டும் நோய்க்குறி இல்லாதவர் 48 மணி நேர இடைவெளியில் மூன்று முறை ஆன்டிஜென் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும், நோய்க்குறி உள்ளவர் அதே இடைவெளியில் இரண்டு முறை செய்துகொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 'உண்டு' என்று ஒருமுறை வந்தாலே போதும், அதற்கேற்ப நடந்துகொள்ளலாம். 'இல்லை' என்பதற்குத்தான் திரும்பத் திரும்பச் சான்று தேவை.

வீட்டுச் சோதனையில் மங்கலான இரண்டாம் கோடு தோன்றினாலும் அது 'உண்டு' என்றே பொருள்படும். பெட்டியில் குறித்த நேரத்திற்குள் பார்த்துவிட வேண்டும். இரவு எடுத்துவிட்டுக் காலையில் பார்ப்பது பயனற்றது.

விதிகள் நீங்கிய பின்

இன்று பெரும்பாலான கப்பல்களும் நாடுகளும் இத்தகைய கட்டாயப் பரிசோதனையைக் கைவிட்டுவிட்டன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயணக் கப்பல்களுக்கான தன் கொரோனாத் திட்டத்தை 2022 ஜூலை 18 அன்று முடித்துக்கொண்டது. இந்தியா வருவோர்க்கான 'ஏர் சுவிதா' படிவம் 2022 நவம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசரநிலையை விலக்கிக்கொண்டது. நலமுள்ள பெரும்பாலோர்க்கு இது சரியான முடிவே என்று நாங்கள் கருதுகிறோம். நோய்க்குறியற்ற நலமுள்ளோரைப் பயணத்திற்காகச் சோதிப்பதில் இன்று பயன் மிகக் குறைவு.

ஆனால் கப்பல் நிறுவனத்தின் விதி நீங்கியதால் உங்கள் வீட்டு முற்றத்தின் கணக்கு நீங்கிவிடவில்லை. முன்பு துறைமுகத்தில் செய்த முடிவை இப்போது நீங்களே செய்ய வேண்டியுள்ளது. உறுப்பு மாற்று பெற்றோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், புற்றுநோய் மருந்தேற்றுவோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், நாட்பட்ட நுரையீரல் நோயுடைய முதியோர் ஆகியோர் இருக்கும் வீடுகளுக்கே நாங்கள் இதைச் சொல்கிறோம். மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

அத்தகைய வீட்டுக்குக் கப்பலிலிருந்தோ, தொடர் பயணத்திலிருந்தோ, சதுரகிரி, ஆடிப்பூரத் தேர் போன்ற பெருங்கூட்டத்திலிருந்தோ ஒருவர் வந்தால், முதல் ஐந்து நாள்கள் நோயாளரின் அறையில் உறங்காதிருப்பது நலம். ஒரே வீட்டில் இருக்கலாம், திண்ணையிலோ முற்றத்திலோ காற்றோட்டத்தில் அமர்ந்து பேசலாம். அறைக்குள் செல்ல நேர்ந்தால் இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும். நம் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி புண்ணுக்குக் கட்ட உகந்தது. மூக்கை மூட அது போதாது. நன்கு பொருந்தும் என்-95 வகையே வேண்டும். வந்த நாளில் ஒரு வீட்டுச் சோதனை, 48 மணி நேரம் கழித்து ஒன்று, மேலும் 48 மணி நேரம் கழித்து ஒன்று. மூன்றும் 'இல்லை' என்று வந்து, நோய்க்குறியும் இல்லையாயின் இயல்பாக இருக்கலாம். சோதனைப் பெட்டி வாங்க இயலாதோர் ஐந்து நாள் விலகலையே கடைப்பிடித்தால் பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடும். பரிசோதனையைவிடக் காத்திருத்தல் மலிவானது.

ஐந்து நாள் விலகியிருக்கச் சொன்னால் வருந்துவோர் உண்டு. எட்டு மாதம் கடலில் இருந்துவிட்டு வந்த மகனைத் தழுவிக்கொள்ளக் கூடாது என்று எந்தத் தாயிடம் சொல்வது? நாங்களும் அவ்வாறு சொல்வதில்லை. முகக்கவசத்துடன், வாசலில், வெளிக்காற்றில் தழுவிக்கொள்ளலாம். இரவு முழுதும் மூடிய குளிரூட்டிய அறையில் ஒன்றாக உறங்குவதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

நோயாளருக்கே காய்ச்சலோ, தொண்டை வலியோ, இருமலோ தொடங்கினால் நாள் கடத்தக் கூடாது. நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் என்னும் மாத்திரை நோய்க்குறி தோன்றிய ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் பயன் தரும். அதை நீங்களே வாங்கி உட்கொள்ளக் கூடாது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ், கொழுப்புக்கான சில மாத்திரைகள், இதயத் துடிப்பைச் சீராக்கும் சில மருந்துகள் ஆகியவற்றின் அளவை அது இரத்தத்தில் ஆபத்தான அளவிற்கு உயர்த்திவிடும். அவ்வாறானவர்க்கு மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசியே பொருத்தமாக இருக்கக்கூடும். அதை நோய்க்குறி தோன்றிய ஏழு நாளுக்குள் தொடங்க வேண்டும். ஆக்சிஜன் குறையாத நிலையில் ஸ்டீராய்டு மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குவதும் வேண்டாம். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோயால் கண்ணிழந்தவர்களை இம்மாநிலம் மறந்திருக்காது. மேலும், காய்ச்சல் எல்லாம் கொரோனா அன்று. மழைக்காலத்தில் டெங்குவும், இன்ஃபுளுவென்சாவும் உடன் வரும். வீட்டுச் சோதனை 'இல்லை' என்று காட்டியதால் மருத்துவரைப் பாராமல் இருந்துவிட வேண்டாம்.

வரும்போது எடுத்து வர வேண்டியவை: தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தும், பயணத்திலிருந்து வந்தவர் வீடு சேர்ந்த தேதி, முதல் நோய்க்குறி தோன்றிய நாள், எடுத்த ஒவ்வொரு சோதனையின் நாளும் நேரமும். சோதனை அட்டையைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் போதும், அட்டையையே பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். டயாலிசிஸ் நாளில் காய்ச்சல் கண்டவர் நேரே டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழையாமல், வாயிலில் உள்ள செவிலியரிடம் முதலில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தள்ளிப்போகாது. இடம் மட்டும் மாற்றித் தரப்படும்.